ஜெயபுரத்திலிருந்து மடு வரை

சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் உண்டு. கணவனைப் பறிகொடுத்த கண்ணகி, ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி மதுரை வீதியிலே நின்றுகொண்டு, இந்த ஊரில் தெய்வம் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்கிறாள். இருபது ஆண்டுகளாக உயர்தர வகுப்பு மாணவருக்கு அந்தப் பகுதியை நான் நடத்தி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் அவ்விடம் வந்ததும் குரலைச் சற்று உயர்த்துவேன். மேசையில் ஒரு தட்டுத் தட்டுவேன். பிள்ளைகள் அசையாது இருப்பார்கள். ஆசிரியத் தொழிலில் இத்தகைய சிறு நாடகங்கள் சில உண்டு. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் அந்த நாடகம் பலிக்கவில்லை. பின்வாங்கிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "சேர், கண்ணகி கேட்டாள், மதுரை எரிந்தது. எங்கள் அப்பாயியும்தான் கேட்டா. ஒன்றும் எரியவில்லையே?" என்றான். அவன் குரலில் எள்ளல் இல்லை. ஒரு கணக்குக்கு விடை வராத பிள்ளை ஆசிரியரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான்.

"அது இலக்கியம், தம்பி" என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். நல்ல காலம், மணி அடித்துவிட்டது.

பிறகு அவனைத் தனியே அழைத்து விசாரித்தேன். வன்னியிலே ஜெயபுரத்தைச் சேர்ந்தவன்; யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறான். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். 2009 ஆம் ஆண்டில் அவன் இரண்டு வயதுக் குழந்தை. அவ்வாண்டு வைகாசியில், வட்டுவாகல் பாலத்தை நோக்கிச் சனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நடந்த கூட்டத்திலே அவன் தந்தையார் பிரிந்து போனார். இன்று வரை தகவல் இல்லை. தந்தையாரின் தாய்தான் அவன் குறிப்பிட்ட அப்பாயி. "அவ இப்பவும் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறா, சேர். எப்படிச் சொல்லுறா என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் ஒரு முறை வந்து கேட்டுப் பாருங்கோவன்" என்றான்.

நான் சைவன். நெற்றியில் திருநீறின்றி வகுப்புக்குள் நுழைந்ததில்லை. ஆயினும், 2009 இன் பின் சில ஆண்டுகள் எனக்குத் தேவாரம் வாயில் வராமலே இருந்தது என்ற உண்மையை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. கை வழக்கம்போலத் திருநீறு பூசியது. மனம் வேறெங்கோ நின்றது. அதை வீட்டிலும் எவரிடமும் சொன்னதில்லை. ஆகவே மாணவனின் அழைப்பைப் பிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியவில்லை. சித்திரை விடுமுறை வந்ததும், உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை இருவருமாகப் பஸ் ஏறினோம்.

நாவற்குழியில் திரும்பி, தனங்கிளப்பைக் கடந்து கேரதீவுக்குப் போகும் பாதை எனக்கு எப்போதும் பிடித்த பாதை. இரு மருங்கும் உப்புவெளி. ஆங்காங்கே ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். தொலைவிலே வானமும் நீரும் ஒன்றாகிவிட்ட சாம்பல் நிறம். கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையிலே முன்னாளில் பாதை எனப்படும் மிதவை ஓடியது. 2011 ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்பட்டபின் கடலைக் கடப்பது ஒரு வெற்றிலை போடும் நேரத்துக் காரியம் ஆகிவிட்டது. அப்பால் பூநகரி. பறங்கியர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய சிறு கோட்டையின் இடிபாடு இன்னமும் அங்கே கிடக்கிறது. அந்த ஒல்லாந்தர் இக்கட்டுரையில் மீண்டும் வருவார்கள்.

பூநகரிக்குத் தெற்கே மணலும் பனையும் மெல்ல மெல்லக் குறைந்து காடு தொடங்குகிறது. பல்லவராயன்கட்டைத் தாண்டினால் ஜெயபுரம்.

பழம் பெருமை பேசும் ஊரன்று அது. வன்னியிலே குளத்தின் பெயரையோ வன்னியத் தலைவரின் பெயரையோ தாங்கிய ஊர்களே மிகுதி. ஜெயபுரம் அவற்றுள் இளையது. 1983 ஆம் ஆண்டு வன்செயலுக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறிய ஊர். அம்மக்களின் கதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த அவர்களின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று இரு நாடுகளும் அவர்களைப் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தது. 1977 இலும் 1983 இலும் கலவரங்கள் அவர்களை மலையிலிருந்து கீழே தள்ளின. வன்னிக் காடு ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்தவராகிய நாம் அவர்களை எவ்வளவு மனதார ஏற்றுக்கொண்டோம் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல எனக்கு நாணமாக இருக்கிறது.

மாணவனின் வீடு தெருவிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. 2009 இன் பின் கட்டப்பட்ட சிறிய கல்வீடு. முற்றத்தில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, கிணற்றடியில் பயற்றங்கொடி. தாயார் தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தார். அப்பாயி விறாந்தையில் பாய் விரித்து எங்களுக்காகக் காத்திருந்தார். எழுபதைத் தாண்டிய மூதாட்டி, முழங்கால் வாதம், கண்கள் மாத்திரம் சிறு பெண்ணின் கண்கள்.

"வாங்க வாத்தியாரய்யா. சாயத் தண்ணி குடிக்கிறீங்களா, பால் போட்டுத் தரட்டுமா?" என்றார். மலைநாட்டை விட்டு நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அப்பேச்சு மாறவில்லை.

அவர் எனக்குச் சொன்ன கதை நீண்டது. இங்கே சுருக்கித் தருகிறேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தாயார் விட்டுச் சென்ற செபமாலை ஒன்றுதான் அவருடைய சீதனம். 1983 இல் லயம் எரிந்தபோது இடுப்பிலே முடிந்து கொண்டுவந்தது அதை மாத்திரந்தான். ஜெயபுரத்தில் கணவர் பாலை மரங்களை வெட்டிக் குடிசை போட்டார். பின்னர் மலேரியாக் காய்ச்சலில் காலமானார். மூன்று பெண்களும் ஒரு மகனும். மகன் தலையெடுத்தபின் வீடு நிமிர்ந்தது. 2008 இல் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று அவர் ஊர்ப் பெயர்களை அடுக்கிய விதம், நான் வகுப்பில் அரசர் பெயர்களை அடுக்குவதுபோல் இருந்தது. கடைசியில் மகனும் இல்லை. இரண்டு வயதுப் பேரனும் மருமகளும் தாமுமாகச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

"அங்க வந்து மூணு மாசம் நான் கும்புடலீங்க" என்றார். "செபமாலையச் சுருக்குப் பையில போட்டு இறுக்கி முடிஞ்சிட்டேன். தூக்கி எறிய மனசு வரல; எடுக்கவும் மனசு வரல. சின்ன வயசில இருந்து சொன்ன மந்திரம். ஒரு சொல்லு வாய்க்குள்ள வரமாட்டேங்குது. சாமி ஒண்ணு இருந்தா இதெல்லாம் பாத்துக்கிட்டு இருக்குமான்னு தோணிச்சு. இல்லவே இல்லன்னு ஒரு நாள் தோணும். இருந்தும் நம்மள வேண்டாம்னு விட்டுடுச்சுன்னு ஒரு நாள் தோணும். ரெண்டாவதுதான் பொல்லாதது."

நான் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை வேறொருவர் வாயால் கேட்டபோது என்ன பேசுவது?

அந்த ஆவணியில் பெருமழை பெய்தது. மெனிக் பாம் முகாமில் 2009 ஆவணி மழைக்குக் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தமை அக்காலத்துப் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அடுத்த கூடாரத்தில் இருந்தவள் ஓர் இளந்தாய், சைவப் பெண். அவளுடைய நாலு வயதுக் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். வைத்தியரிடம் கொண்டுபோக விடியவேண்டும். நள்ளிரவில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவரிடம் ஓடி வந்து, "அம்மா, என்ர சாமி கேக்கேல்லை. உங்கட சாமியிட்டச் சொல்லுங்கோ" என்று அழுதிருக்கிறாள்.

"எஞ் சாமியுந்தான் கேக்கலம்மான்னு சொல்ல வாய் வரலீங்க, ஐயா. அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்துக்கிட்டு அத எப்படிச் சொல்றது? பையை அவுத்தேன். செபம் வரல, திட்டுத்தான் வந்துச்சு. என் மகனக் கொண்டுபோனியே, லயத்தக் கொளுத்துனப்ப பாத்துக்கிட்டு இருந்தியே, இப்ப இந்தப் புள்ளயையும் பாத்துக்கிட்டு இருக்கப் போறியான்னு கேட்டேன். மாதாவையும் விடல. உம் மகனும் செத்தவந்தானே, உனக்குமா தெரியலைன்னு கேட்டேன். விடியிற வரைக்கும் திட்டுனேன். நடுவில எப்ப செபமா மாறிச்சுன்னு எனக்கே தெரியாது."

"குழந்தை பிழைத்ததா?"

"பொழச்சிடுச்சு. இப்ப கிளிநொச்சியில வேலை செய்யுது. பெருநாளைக்குப் பாத்துட்டுப் போகும்."

ஆசிரியப் புத்தி யாரை விட்டது? "அப்படியானால், அந்தக் குழந்தை பிழைத்ததால்தான் உங்களுக்கு நம்பிக்கை திரும்பியது" என்று நான் முடிவு கட்டினேன்.

மூதாட்டி என்னைச் சற்றுப் பரிவோடு பார்த்தார். "இல்லீங்க ஐயா. அதுக்கு அடுத்த வாரம் இந்தப் பக்கத்துக் கூடாரத்தில ஒரு புள்ள செத்துப்போச்சு. அதுக்குந்தான் ராத்திரி முழுக்கச் செபிச்சேன்."

"பின்னே?"

"திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்லீங்களா? அன்னிக்கு ராத்திரி திட்டுறப்ப, எதிர்ல ஆள் இருக்குன்னு தெரிஞ்சுது. காலியான வீட்டுக் கதவத் தட்டுறதுக்கும் ஆள் இருக்கிற வீட்டுக் கதவத் தட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியும்ல? சிலுவையில தொங்குறப்ப அவரே தகப்பனப் பாத்து, ஏன் என்னைய விட்டுட்டன்னு கேட்டாரில்ல? அவரே கேட்டாருன்னா நான் கேக்கக் கூடாதா?"

கத்தோலிக்க வேதசாத்திரத்தைப் பேரறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் நூல்களில் சிலவற்றை நானும் புரட்டியதுண்டு. ஆனால் யேசுநாதரின் அந்தக் கடைசிக் கேள்வியை ஒரு சலுகையாக எடுத்துக்கொண்டு, தாமும் அதே கேள்வியைக் கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று வழக்காடிய ஒருவரை அன்றுதான் கண்டேன். எனக்கு உடனே சுந்தரமூர்த்தி நாயனாரின் நினைவு வந்தது. திருவொற்றியூரில் சூளுறவைத் தப்பிக் கண்ணொளியை இழந்த அவர், ஊர் ஊராக நடந்து, ஒவ்வொரு கோயில் வாசலிலும் இறைவனோடு வழக்காடியே அல்லவா மீண்டும் பார்வை பெற்றார்? ஒரு கண் காஞ்சியில், மறு கண் திருவாரூரில் என்று பெரியபுராணம் கூறும். வன்தொண்டர் என்ற பெயர் அவருக்கு வீணாக வரவில்லை. அந்தப் பாடல்களை எத்தனை முறை நடத்தியிருக்கிறேன்! எனக்குத் தேவாரம் வராத ஆண்டுகளில், சண்டை பிடிக்கவும் வழி உண்டு என்று ஏன் தோன்றவில்லை?

அவருடைய நம்பிக்கை அன்றோடு உறுதிப்பட்டு நின்றுவிட்டதாக வாசகர்கள் எண்ணவேண்டாம். 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. அவையும், அன்றே தாக்கப்பட்ட ஹோட்டல்களுமாக இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று மறுபடியும் பையை முடிந்துவிட்டதாகச் சொன்னார். "இந்தத் தடவை எத்தனை நாள்?" என்று கேட்டேன். "ஒம்பது நாள்" என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். "பழகிப்போச்சுல்ல?"

கடைசி நாள் வரை சனங்களோடு நின்ற சுவாமியார்களைப் பற்றியும் நிறையப் பேசினார். அவர்களுள் ஒருவரான அருட்தந்தை மரியாம்பிள்ளை சரத்ஜீவன் அவர்களை நாடறியும். கிளிநொச்சிப் பகுதியில் பங்குக் குருவாக இருந்தவர். மக்களை விட்டுவர மறுத்து அவர்களோடேயே இடம்பெயர்ந்து, போர் முடிந்த 2009 மே 18 ஆம் நாள், அங்கிருந்து வெளியேறும் வேளையில் நெஞ்சடைத்து மாண்டார்.

மாலையில் அப்பாயி தமது பையிலிருந்து நூறு ரூபா எடுத்து என் கையில் வைத்தார். "நாளைக்கு மடுவுக்குப் போறீங்கன்னு பேரன் சொன்னான். என்னால நடக்க முடியாது. மாதாவுக்கு ரெண்டு மெழுகுதிரி கொளுத்துங்க. ஒரு பிடி மண்ணும் கொண்டாங்க" என்றார். மடு மண் விடந் தீர்க்கும் என்பது வன்னியிலே சாதிமத பேதமின்றி நிலவும் நம்பிக்கை. வீட்டைச் சுற்றித் தூவினால் பாம்பு அண்டாதென்று சைவர்களும் கொண்டுவந்து வைப்பார்கள்.

மறுநாள் மன்னார் பஸ்ஸில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். முழங்காவில், வெள்ளாங்குளம் ஆகியவற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், கடற்பக்கமாகப் பிரியும் ஒரு வழியைப் பேரன் சுட்டிக் காட்டினான். தேவன்பிட்டிக்குப் போகும் வழி. 2008 சித்திரை மாதத் தொடக்கத்தில், போர் மடுவை நெருங்கியபோது, அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகையின் காலத்தில், மடு மாதாவின் திருச்சொரூபத்தைச் சுவாமியார்கள் எடுத்துவந்து வைத்தது தேவன்பிட்டிக் கோயிலிலேதான். ஜெயபுரத்துச் சனங்கள் உழவு இயந்திரத்தில் ஏறிப்போய்க் கண்டு வந்தார்களாம். முதல் நாள் அப்பாயி அதைச் சொன்னபோது சிரித்தார். "மாதாவும் நம்மளப் போல மூட்டையக் கட்டிட்டு வந்துட்டாளே, இனி நம்ம கதி என்னன்னு நெனச்சேன்" என்றார். அவர் நினைத்தது சரியாகவே போயிற்று. சில மாதங்களில் ஜெயபுரமும் மூட்டை கட்டியது. அவ்வாண்டு ஆவணியில் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. அப்பாயி ஊர் திரும்ப மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்தச் சொரூபத்துக்கு அது முதல் இடப்பெயர்வன்று. 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினார்கள். சீர்திருத்தச் சபையினரான அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை நாட்டை விட்டுத் துரத்தினார்கள். குருவுக்கு இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று விளம்பரம் செய்தார்கள். 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு, ஒல்லாந்தர் கை எட்டாத வன்னிக் காட்டுக்குள் நடந்து, மருதமடு என்னும் இடத்தில் இறங்கின. பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிய எழுநூறு பேரளவில் அவர்களோடு வந்து சேர்ந்ததாக மடுக் கோயில் வரலாறு கூறுகிறது.

நான் வியப்பது இதன் பிறகு நடந்ததைத்தான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர்களுக்குக் குருவானவர் இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஒரு தலைமுறையே குருவின் முகத்தைக் காணாமல் பிறந்து வளர்ந்தது. சருவேசுரன் நம்மை மறந்துவிட்டாரா என்று அந்தக் காட்டில் எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? 1687 இல் கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, யோசேவாஸ் என்ற கொங்கணிக் குருவானவர் பிச்சைக்காரனைப்போல் உடை தரித்து யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். வரும்போதே வயிற்றுளைச்சல் கண்டு நடக்க முடியாத நிலை. யார் கத்தோலிக்கர் என்று கேட்டறியவும் வழியில்லை, கேட்டால் பிடிபடுவார். ஆகவே கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அதைக் கண்டு முகம் மாறியவர்களை அவர் கண்டுகொண்டார். பின்னர் கண்டிக்குச் சென்று, ஒற்றன் என்ற ஐயத்தில் சிறையிருந்து, 1697 இல் அந்நகரில் அம்மை நோய் பரவியபோது ஓடிப்போகாமல் நோயாளரைப் பேணி, 1711 தை மாதம் அங்கேயே மரித்தார். 2015 தை 14 ஆம் நாள், நம் தைப்பொங்கலுக்கு முதல் நாள், பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். இலட்சக்கணக்கான சனம் காட்டில் காத்திருந்தது.

இவ்வாறு ஒல்லாந்தரின் கொடுமையை எழுதும் சைவன், 1544 இல் யாழ்ப்பாணத்துச் சைவ அரசனாகிய சங்கிலி மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவரானோர் அறுநூறு பேரளவில் கொல்வித்ததை எழுதாமல் விட்டால் நீதியாகாது. அதே நூற்றாண்டில் பறங்கியர் மாந்தையிலிருந்த திருக்கேதீச்சரத்தைத் தரைமட்டமாக்கியதையும் மறக்க வேண்டியதில்லை. ஒருவர் கோயிலை இடித்தவர்களின் சமயத்தார் அடுத்த நூற்றாண்டில் தம் கோயிலைத் தோளில் சுமந்துகொண்டு ஓடினார்கள். இரண்டும் ஒரே மாந்தை மண்ணில்.

வழியில் திருக்கேதீச்சரத்தில் இறங்கினோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவியின் கரையில் நின்றபோது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. இக்கோயிலை மீண்டும் எழுப்ப வேண்டுமென்று ஆறுமுக நாவலர் சைவ உலகுக்கு அறைகூவல் விடுத்தது 1872 இல். மடுவில் இன்றுள்ள பெரிய கோயிலுக்கு ஆயர் பொஞ்சீன் அடிக்கல் நாட்டியதும் 1872 இல்தான். இரண்டு காடுகளில், ஒருவரையொருவர் கண்டிப்பாய் எதிர்த்த இரண்டு பேர், ஒரே ஆண்டில்! ஆயினும் 2019 இல், சிவராத்திரிக்கு முதல் நாள், இவ்வூர் வீதியில் ஒரு வளைவைப் பற்றி இரு சமயத்தாருக்குமிடையே கைகலப்பு நிகழ்ந்தது. ஒரே முகாமில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த சனங்கள் பத்து ஆண்டுகளில் அதை எப்படி மறந்தார்களோ! பேரன் நான் கும்பிட்டு முடியும் வரை வெளிவீதியில் நிற்கப் போனான். "உள்ளே வா" என்றேன். வந்தான். சுவாமிக்கு முன் கை கூப்பாமல், அவமதிக்கவும் செய்யாமல், என் சட்டைப் பையிலிருந்த மூக்குக் கண்ணாடி விழாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்றிரவு முருங்கனில் தங்கி, ஞாயிறு விடியலில் மடுச் சந்தியில் இறங்கிக் காட்டு வழியாகக் கோயிலுக்குப் போனோம். ஆடி, ஆவணித் திருவிழாக்களில் இங்கே கால் வைக்க இடமிராது. அன்று நல்ல அமைதி. பெருமரங்களின் நிழல், குரங்குகளின் ஆரவாரம், வெண்மையும் நீலமுமான முகப்பு. போர்க்காலத்தில் இந்த மரங்களின் கீழேதான் பல்லாயிரம் அகதிகள் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்கள். அடைக்கலம் என்று நம்பி வந்த இடம். 1999 கார்த்திகை 20 ஆம் நாள் இரவு இவ்வளவினுள்ளும் எறிகணைகள் விழுந்தன. நாற்பது பேரளவில் மாண்டார்கள், குழந்தைகள் உட்பட. அந்த இடத்தைப் பேரனுக்குக் காட்டலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில், "எனக்குத் தெரியும், சேர்" என்றான்.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு பூசையில் வாசிக்கப்படும் சுவிசேஷம் தோமையாரைப் பற்றியது. ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, ஆணி அறைந்த காயத்தில் என் விரலை இட்டாலன்றி நம்பமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். அந்தத் தோமையாரே கப்பலேறி மயிலாப்பூர் வரை வந்து, பரங்கிமலையில் உயிர் துறந்தார் என்பது தமிழ்நாட்டுக் கிறிஸ்தவரின் மரபு. தமிழருக்கு முதல் முதல் அச்சமயத்தைச் சொன்னவர், அதை முதல் முதல் ஐயுற்றவரே என்று அம்மரபு கொள்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிரசங்கம் செய்த இளம் சுவாமியார் நீட்டி முழக்கவில்லை. அவர் சொன்னவற்றுள் ஒன்று மாத்திரம் என் மனத்தில் தங்கியது. நம்பமாட்டேன் என்று சொன்ன நாளுக்கும் ஆண்டவரைக் கண்ட நாளுக்கும் இடையில் ஒரு வாரம் கழிந்தது. அந்த வாரம் முழுவதும் தோமா மற்றவர்களோடேயே இருந்தான், சாப்பிட்டான், உறங்கினான். அவர்களும், நீ நம்பாதவன், வெளியே போ என்று அவனைத் துரத்தவில்லை. அந்த ஒரு வாரத்தைப் பற்றி வேதாகமம் ஒன்றும் எழுதவில்லை என்றார் சுவாமியார். எழுதாமல் விட்டுவிட்டு அடுத்த பூசை மன்றாட்டுக்குப் போனார். நான் திரும்பிப் பார்த்தேன். பேரன் தூணில் சாய்ந்து நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். எழும்பும் இடத்தில் எழும்பினான். முழந்தாளிடும் இடத்தில் முழந்தாளிட்டான். வாய் மாத்திரம் அசையவில்லை.

பூசை முடிந்ததும் மெழுகுதிரி வாங்கினோம். நூறு ரூபாய்க்கு இரண்டு வரவில்லை. நான் கொஞ்சம் போட்டேன். ஒன்றை நான் கொளுத்தினேன். மற்றதை அவனிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு நெடுநேரம் கொளுத்தாமலே நின்றான்.

"என்ன சொல்லிக் கொளுத்துறது, சேர்?"

"அப்பாயி முகாமில் சொன்னதைத்தான் சொல்லேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். சிரிப்பும் அழுகையும் அல்லாத ஒரு முகம். பிறகு திரும்பி நின்று கொளுத்தினான். இம்முறை உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று நான் கேட்கவுமில்லை. அந்த வயதுப் பிள்ளையைக் கேட்கவும் கூடாது. சற்றுத் தள்ளி நின்று, பல ஆண்டுகளுக்குப் பின், சுந்தரர் தேவாரம் ஒன்றை நானும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் அடியில் தடுமாறினேன். தமிழாசிரியனுக்கு இது பெருத்த அவமானம்.

மாலையில் ஜெயபுரம் திரும்பியபோது விளக்கு வைக்கும் நேரம். அப்பாயி விறாந்தையிலேயே இருந்தார். மண் பொட்டலத்தை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பேரனிடம் கொடுத்து, கிணற்றடியிலும் வாசலிலும் தூவச் சொன்னார். மறுநாள் திங்கட்கிழமை. ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் அவர் கிளிநொச்சிக்குப் போகிறவர். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 மாசி 20 ஆம் நாள் அங்கே கந்தசுவாமி கோயிலருகே தொடங்கிய போராட்டத்தில் முதல் மாதமே மகனின் படத்தோடு போய் உட்கார்ந்தவர். அந்தப் படம் உறையிட்டுச் சுவரில் மாதா படத்தின் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. காலையில் எடுத்துக்கொண்டு போவதற்கு.

"மெழுகுதிரி என்ன வெலைங்க ஐயா?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அடப் பாவமே! மாதா சந்நிதியிலேயே இந்த வெலையா!" என்று சொல்லிவிட்டு, சுருக்குப் பையை அவிழ்த்து, நான் மேலே போட்ட காசை எண்ணத் தொடங்கினார்.